சித்திரமும் சாட்சியும்

உருவம் வரைவது கூடுமா, கூடாதா என்னும் வினா நம் மதரஸாக்களில் ஆண்டுதோறும் எழுகிறது. ஆண்டுதோறும் விடையும் கூறப்படுகிறது. அவ்விடையை ஈண்டு மீண்டும் விரிப்பது என் நோக்கமன்று. உயிருள்ளவற்றின் உருவங்களைச் சமைப்போர் மறுமையில் கடுமையாக வினவப்படுவர் என எச்சரிக்கும் நபிமொழிகளை நாம் அறிவோம். சித்திரம் எழுதியே பிழைப்பதாகக் கூறி வந்த ஒருவருக்கு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அவ்வெச்சரிக்கையை எடுத்துரைத்ததும், அம்மனிதரின் முகம் வெளிறியதைக் கண்டு, மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் வரைந்துகொள்ள வழிகாட்டியதும் ஸஹீஹுல் புகாரீயில் பதிவாகியுள்ள செய்தியாகும். பிற்காலத்தில் மிஸ்ரு நாட்டு முஃப்தி முஹம்மது அப்துஹூ, 1903ஆம் ஆண்டு சிசிலித் தீவைக் கண்டு திரும்பியபின், வணங்கப்படும் அச்சம் இல்லாதவிடத்துச் சித்திரம் அறிவைக் காக்கும் கருவியே என்று வாதித்தார். அரபிகள் தம் கவிதையை எதற்காகப் போற்றிக் காத்தனரோ, அதற்காகவே பிறர் சித்திரத்தைக் காக்கின்றனர் என்பது அவர் கருத்து. உலமாக்களிற் பலர் இதனை ஏற்கவில்லை. என் வீட்டுச் சுவரிலும் உருவப்படம் கிடையாது.

ஆயினும், அந்த வாதத்தில் வரும் 'காத்தல்' என்னும் சொல் என்னை நெடுநாள் சிந்திக்க வைத்தது. ஒரு சமுதாயம் தன் வாழ்வைத் தானே வரைந்து வைக்கும்போது அது சாட்சி கூறுகிறது. சாட்சி என்று வந்துவிட்டால் அதற்குச் சட்டம் உண்டு. யார் கண்டது, நேரில் கண்டதா, எதையேனும் மறைத்ததா, யாருக்காகக் கூறியது என்றெல்லாம் கேட்டாக வேண்டும். தூரிகையால் கூறினும், எழுதுகோலால் கூறினும், நாவால் கூறினும் கேள்விகள் இவையே.

நம் புதுக்கோட்டை மாவட்டத்தார்க்குச் சித்திரம் என்றதும் நினைவில் எழுவது சித்தன்னவாசல். அங்குள்ள சமணர் குடைவரையின் விதானத்தில் ஒரு தாமரைக் குளம் தீட்டப்பட்டுள்ளது. மீன்களும் நீர்ப்பறவைகளும், யானைகளும் எருமைகளும் அக்குளத்தில் உள. மூவர் தாமரை பறிக்கின்றனர். பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுப்பித்த செய்தியை அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. சமணர் நூல்களின்படி அது நிலவுலகக் குளமன்று. தீர்த்தங்கரர் அறமுரைக்கும் தெய்வீக மண்டபத்தைச் சூழ்ந்த பகுதிகளுள் ஒன்று. எனினும், நம் வட்டாரத்துக் கண்மாய்களைக் கண்டு வளர்ந்தவர் எவரும் அந்த எருமையை அடையாளம் கண்டுகொள்வர். வானுலகக் குளத்தை எழுதப் பணிக்கப்பட்டவன், தான் கண்ட குளத்தையே எழுதினான். கண்ணின் சாட்சி அவனையறியாமல் உள்ளே புகுந்துவிட்டது.

ஆனால், அந்த ஓவியனை நாம் விசாரிக்க முடியாது. அவன் பெயர் கல்வெட்டில் இல்லை. அக்குளத்தைத் தோண்டியவர் யார், தூர் எடுத்தவர் யார் என்று அச்சித்திரமும் சொல்வதில்லை. ஆகவே, என் வினாவுக்கு விடை தேடி, பெயரும் ஊரும் தெரிந்த சாட்சிகள் உள்ள ஓரிடத்துக்கு வாசகர்களை அழைத்துச் செல்கிறேன். அவ்விடம் வெகு தொலைவில் உள்ளது.

கனடா நாட்டின் வடகோடியில், பனிக்கடல் சூழ்ந்த பாஃபின் தீவின் தென்கரையில் கிங்ஙைட் என்றொரு சிற்றூர் உண்டு. முன்பு அதற்குக் கேப் டார்செட் என்று வெள்ளையர் இட்ட பெயர் வழங்கியது. 2020இல் பழம்பெயர் சட்டப்படி மீண்டது. அங்கு வாழ்வோரை எஸ்கிமோக்கள் என்று நாம் பள்ளியில் படித்தோம். அவர்கள் தம்மை இனுயிட் என்றே கூறிக்கொள்வர். அதற்கு மக்கள் என்பது பொருள். கடல்நாய், கரிபூ மான், மீன் ஆகியவற்றை வேட்டையாடி, கோடையில் தோல் கூடாரத்திலும் குளிர்காலத்தில் பனி வீட்டிலும் தங்கி, நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியில் இடம்பெயர்ந்து வாழ்ந்தவர்கள் அவர்கள். 1940களின் இறுதியில் வெள்ளை நரித்தோலின் விலை வீழ்ந்தது. அதை விற்று மாவும் தேயிலையும் துப்பாக்கி ரவையும் வாங்கியவர்கள் வறுமையுற்றனர். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அவர்களிற் பெரும்பாலோர் அலைந்து வாழும் வாழ்வை விட்டு, அரசு அமைத்த ஊர்களில் பலகை வீடுகளுக்கு வந்து சேர்ந்தனர்.

அவ்வூரில் அரசுப் பணியில் இருந்த ஜேம்ஸ் ஹூஸ்டன் என்பவர் சொல்லும் செய்தி சுவையானது. ஓசுயிட்டோக் என்னும் செதுக்குக் கலைஞர் இரண்டு சிகரெட் பெட்டிகளை அருகருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டிலும் ஒரே மாலுமியின் தலை. ஒவ்வொரு பெட்டியிலும் இதே முகத்தைப் பிசகாமல் எழுதிக்கொண்டிருப்பவனுக்குச் சலிப்புத் தட்டாதா என்று அவர் வியந்தாராம். ஹூஸ்டன் அச்சின் முறையை விளக்கினார். 1957இல் முயற்சி தொடங்கிற்று. அடுத்த ஆண்டு ஹூஸ்டன் ஜப்பான் சென்று, மரப்பலகை அச்சில் வல்லவரான ஹிரட்சுகா உனிச்சியிடம் பயின்று திரும்பினார். 1959இல் முதல் தொகுதி வெளிவந்தது. வரைந்த சித்திரத்தைத் தட்டையான கல்லில் பெயர்த்து, வேண்டாத பகுதியைக் கொத்தி நீக்கி, எஞ்சிய மேட்டில் மை பூசி, மெல்லிய ஜப்பானியத் தாளை அதன்மேல் பரப்பிக் கையால் தேய்த்து எடுப்பர். பெரும்பாலும் 50 படிகள்தாம். அப்படிகளின் ஓரத்தில் வரைந்தவர் பெயரும், கல்லைச் செதுக்கியவர் பெயரும், பட்டறையின் சிவப்பு முத்திரையும் இருக்கும். ஹதீஸ் கலை பயின்றவனுக்கு இதைக் கண்டதும் இஸ்னாது நினைவுக்கு வாராமற் போகாது. இன்னார் கண்டார், இன்னார் கொண்டு சேர்த்தார் என்னும் தொடர் தாளிலேயே உள்ளது.

இம்முதல் தலைமுறைக் கலைஞருள் பிட்சியோலாக் அஷூனா என்னும் மூதாட்டி குறிப்பிடத்தக்கவர். இந்நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்து 1983இல் மறைந்தவர். வேட்டைக்காரரான கணவர் நோயால் இறந்தபின், பிள்ளைகளோடு பசியில் தவித்தவர். பெற்ற மக்கள் பலரைச் சிறுவயதிலேயே இழந்தவர். சித்திரத்துக்குக் காசு கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, முதுமை நெருங்கும் வயதில் தாளைக் கையில் எடுத்தார். அதன்பின் ஆயிரக்கணக்கான சித்திரங்களை வரைந்தார். கோடைக் கூடாரங்கள், முதுகுப் பையில் குழந்தையைச் சுமக்கும் தாய்மார், வண்டி இழுக்கும் நாய்கள், கல்லணை கட்டி மீன் பிடிப்போர், பந்தாடும் சிறுவர்! மறைந்துபோன அந்த வாழ்வு முழுவதும் மகிழ்ச்சியோடு அவற்றில் ஓடுகிறது. 1971இல் அவருடைய வாய்மொழி வரலாறு நூலாக வெளிவந்தது. பசியும் சாவும் அதில் உண்டு. ஆனால், அவருடைய சித்திரங்களில் அவை அரிது.

இஃது ஏன்? இங்கேதான் அறத்தின் வினா தொடங்குகிறது.

வாங்குவோர் தெற்கே இருந்தனர். பெருநகரத்து வீட்டுக் கூடத்தில் மாட்டுவதற்கு அவர்களுக்குப் பனிக்கரடியும் ஆந்தையும் கூடாரமும் வேண்டியிருந்தன. 1961 முதல் 1989 வரை, ஆண்டுதோறும் எந்தப் படங்கள் விற்பனைக்குத் தகுதியுடையவை என்று ஆராய்ந்து ஒப்புதல் அளிக்க ஒரு குழுவும் தெற்கே இருந்தது. வரைந்தவர் பலகை வீட்டில் அமர்ந்து வரைந்தார். படத்தில் பலகை வீடு இல்லை. சாட்சி கூறக் கூலி வாங்கலாகாது என்பர் நம் ஃபுகஹாக்கள். வந்து போகும் வழிச்செலவை ஏற்பதில் தடை காணாதோரும் அவருள் உண்டு. பிட்சியோலாக் பெற்றது கூலியா, வழிச்செலவா? பிள்ளைகளுக்குச் சோறு தேடிய ஒரு விதவையை அவ்வளவு கடுமையாக வினவ என் மனம் ஒப்பவில்லை. அவர் வரைந்தவை பொய்யல்ல, கண்டவற்றையே வரைந்தார். காணாததை வரைவது ஒன்று. கண்டதில் ஒரு பகுதியை நெஞ்சில் வைத்துக்கொள்வது வேறொன்று. தன் துயரைச் சந்தைக்குக் கொண்டுவர மாட்டேன் என்பதும் ஒருவகை மானமே. குறை கூறத்தக்கவர், அந்தப் பாதியை மட்டும் கேட்டு வாங்கியவர்கள்.

ஆனால், கதை அவரோடு முடியவில்லை. அவர் மகள் நபாச்சி பூட்டூகுக் (1938–2002) தொடக்கத்தில் ஏனையோர் போலவே வரைந்தார். தம் கடைசி ஆண்டுகளிலோ, தாய் விட்டுவைத்தவற்றை எடுத்துக்கொண்டார். பட்டினி, விருப்பமின்றிக் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண்கள், அடித்த கணவன்மார் ஆகியவற்றை எழுதினார். சில தாமே அறிந்தவை. சில முன்னோரிடம் கேட்டவை. கேள்விச் சாட்சியை நம் சட்டம் நஸபு, நிக்காஹ், மவுத்து போன்ற சிலவற்றிலேயே ஏற்கும். எனினும், பெண்கள் தமக்குள் சொல்லிவந்தவற்றுக்கு வேறு பதிவேடு இல்லாதபோது யாது செய்வது? இதற்கு என்னிடம் முழுமையான விடை இல்லை.

நபாச்சியின் மகள் ஆனி பூட்டூகுக் (1969–2016). இவர் பனி வீட்டில் வாழ்ந்தவர் அல்லர். ஆகவே, அதனை வரையவும் இல்லை. தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருக்கும் குடும்பம், தரையில் அட்டையைப் பரப்பிக் கடல்நாய் இறைச்சியைச் சுற்றியமர்ந்து உண்போர், கடையில் பொருள் வாங்குவோர், சுவர்க் கடிகாரம், மின்செருகி ஆகியவற்றை வண்ணக் கோலால் உள்ளவாறே வரைந்தார். மதுப் புட்டிகளை உடைப்பதையும், ஒருவன் தன் துணைவியைத் தாக்குவதையும் வரைந்தார். பாட்டியார் கட்டிலில் அமர்ந்து வரைந்துகொண்டிருக்க, அருகே சிறுமியர் இருவர் இருப்பதாக ஒரு சித்திரம் உண்டு. பாட்டியின் படங்களில் இல்லாத அந்த அறையைப் பேத்தி வரைந்து நிறைவு செய்தார். 2006இல் கனடாவின் பெரும் பரிசான சோபி கலைப் பரிசு இவருக்குக் கிடைத்தது.

இனி நம்மிடம் வருவோம். 'பாய்' என்றால் பிறர் மனத்தில் எழும் படம் யாது? பிரியாணி, அத்தர், சுர்மா, நோன்புக் கஞ்சி. அன்போடுதான் எழுதுகின்றனர், அதை மறுக்கவில்லை. இனுயிட் மக்களுக்குப் பனிக்கரடி எதுவோ, நமக்குப் பிரியாணி அது. அது போகட்டும். நம்மவரே நம்மைப் பற்றி எழுதும் மலர்களையும் நூல்களையும் புரட்டிப் பாருங்கள். மரக்காயர்களின் கப்பல்கள், முத்துக் குளிப்பு, அரசர் அளித்த மானியங்கள், அரபுத் தமிழின் மேன்மை ஆகியவையே பக்கந்தோறும் உள. இவை பொய்யல்ல. ஆனால், கோட்டைப்பட்டினத்திலும் மீமிசலிலும் கோபாலப்பட்டினத்திலும் அம்மாபட்டினத்திலும் கணவர் சபுராளியாகி வளைகுடா சென்றுவிட, மாமியாரின் வீட்டில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த பெண்ணின் நாட்கள் எந்த மலரில் வந்தன? மஹர் கொடுத்து மணமுடிக்க வேண்டியவன் கைக்கூலி வாங்கியதும், அதற்காக அவள் தகப்பனார் விற்ற நிலமும் எந்த வரலாற்றில் எழுதப்பட்டன? கைக்கூலி வாங்கும் வீட்டு நிக்காஹுக்கு வாரோம் என்று உறுதி பூண்ட ஆலிம்கள் உளர். அவர்களைப் பற்றியாவது எழுதினோமா?

இவ்வாறு கேட்டால் பெரியவர்கள் கூறும் மறுப்பு ஒன்று உண்டு. அதனை இலேசாகத் தள்ளிவிடக் கூடாது. ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவனின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்னும் கருத்துடைய நபிமொழியை அவர்கள் எடுத்துக்காட்டுவர். புறம் பேசுதல் பெரும்பாவம் என்பர். நம் வீட்டு அழுக்கைப் பகைவர் பார்க்க வெளியே உதறலாமா என்றும் கேட்பர். மூன்றாவது கேள்வியில் உள்ள அச்சம் இக்காலத்தில் காரணமற்றதன்று. நம்மைப் பழிக்கக் காத்திருப்போர் இருக்கத்தான் செய்கின்றனர். முதலிரண்டும் மார்க்கத்தின் மெய்யான கட்டளைகள்.

ஆனால், திருமறை மற்றொரு பக்கத்தையும் நமக்குக் கற்பிக்கிறது. சாட்சியை மறைப்பவனின் உள்ளம் பாவத்துக்குரியது என்று அல்பகரா அத்தியாயத்தில் எச்சரிக்கிறது. அந்நிஸா அத்தியாயத்திலோ, தமக்கும் பெற்றோர்க்கும் உறவினர்க்கும் எதிராக அமையினும் நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு முஃமின்களைப் பணிக்கிறது. மறைத்தலும் கட்டளை, மறைக்காமையும் கட்டளை. இரண்டும் எவ்வாறு ஒருங்கே நிற்கும்?

இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில் புறம் பேசுதல் அனுமதிக்கப்படும் இடங்கள் ஆறு என வகுத்துள்ளார்கள். அநீதிக்குள்ளானவர் முறையிடுவது அவற்றுள் ஒன்று. தீமையை மாற்ற உதவி தேடுவது மற்றொன்று. ஹதீஸ் அறிவிப்பாளரின் குறையை இமாம்கள் பெயர் சுட்டி எழுதியதும் இவ்வகையில் சேரும். அவர்கள் அவ்வாறு எழுதாதிருந்தால் இன்று நம் கையில் ஸஹீஹான நூல் எது? ஒருவன் தனக்கும் தன் இரப்புக்கும் இடையே செய்த பிழை வேறு. ஒருவன் இன்னொருவருக்கு இழைத்த அநீதி வேறு. முதலாவது மறைக்கப்பட வேண்டியது. அதைத் தோண்டி எடுத்து விற்பவன் இழிந்தவன். இரண்டாவதில் மறைக்கும் உரிமை ஊராருக்கு இல்லை. அது இழைக்கப்பட்டவருக்கே உண்டு. பிட்சியோலாக் தம் துயரைத் தாமே மறைத்தார். அது அவர் உரிமை. நபாச்சி எழுதினார், அதுவும் அவர் உரிமையே. கைக்கூலிக்காக நிலம் விற்றவரை நோக்கி, "வெளியே சொல்லாதே" என்று வாங்கியவனின் ஜமாஅத்தார் அறிவுரை கூறுவது எந்த வகையிலும் குறை மறைத்தல் ஆகாது. அது சாட்சியை மறைத்தலே.

எழுதுவோர்க்கும் எல்லை உண்டு என்பதை மறந்து இதைக் கூறவில்லை. திருமறையின் மிக நீண்ட வசனம் கடனைப் பதிவு செய்வது பற்றியது. அதன் இறுதிப் பகுதியில், எழுதுபவரையும் சாட்சியையும் குறித்து 'யுளார்ர' என்றொரு வினைச்சொல் வருகிறது. ரா எழுத்து இரட்டித்து நிற்பதால், முதல் ராவுக்கு உரிய உயிர் உள்ளே மறைந்துவிட்டது. அது கஸ்ரா, அதாவது நம் பிள்ளைகள் ஜேர் என்பது, எனக் கொண்டால் வினை செய்வினையாகும்: எழுதுபவரும் சாட்சியும் பிறர்க்குத் தீங்கு செய்யலாகாது. ஃபத்ஹா எனக் கொண்டால் செயப்பாட்டுவினையாகும்: அவர்களுக்குத் தீங்கு செய்யப்படலாகாது. முஃபஸ்ஸிர்கள் இரு பொருளையும் எடுத்துரைப்பர். மாணவர்க்கு இதனை இலக்கண நுட்பமாகவே நாங்கள் கற்பித்து வருகிறோம். ஆனி பூட்டூகுக்கின் முடிவை அறிந்தபின் எனக்கு அவ்விரண்டாம் பொருள் இலக்கணமாக மட்டும் தோன்றவில்லை. பரிசும் புகழும் பெற்ற அப்பெண், பின்னர் ஆட்டவா நகரில் வறுமையுற்று, தெருவிலும் புகலிடங்களிலும் தங்கி, சித்திரங்களைச் சொற்ப விலைக்கு விற்று வாழ்ந்தார். 2016 செப்டம்பரில் அந்நகரத்து ஆற்றில் அவர் உடல் மீட்கப்பட்டது. வயது 47. சாட்சியத்தைச் சுவரில் மாட்டிக்கொண்டோர் பலர். சாட்சியைக் காத்தவர் சிலரே.

நம்மிடையேயும் சாட்சிகள் தோன்றியுள்ளனர். தோப்பில் முஹம்மது மீரான் தம் கடலோர ஊரின் செல்வந்தரையும் ஏழையையும் உள்ளவாறு எழுதிய நாவல் 1988இல் நூலாயிற்று. 1997இல் வேறொரு நாவலுக்குச் சாகித்திய அகாதமிப் பரிசு பெற்றபோது நாம் பெருமைப்பட்டோம். ஊர் தோறும் அவர் கேட்ட வசைகளை அப்போது மறந்துவிட்டோம். நம் மாவட்ட எல்லைக்குச் சேய்மையில் இல்லாத துவரங்குறிச்சியில் பிறந்த சல்மா, வீட்டாருக்குத் தெரியாமல் புனைபெயரில் எழுதத் தொடங்கினார். 2004இல் அவருடைய நாவல் வந்தபோது எழுந்த கண்டனங்களைப் பலரும் அறிவர். அந்நூலிற் சில பகுதிகள் எனக்கு உவப்பானவையல்ல. எழுத்தில் வெட்கம் காக்கப்பட வேண்டும் என்னும் கருத்தை நான் கைவிடவில்லை. ஆனால், அதில் கூறப்பட்ட வீடுகள் இல்லாத வீடுகள் என்று அவரைக் கண்டித்தவர்களுள் எவரும் என்னிடம் கூறியதில்லை. ஏன் எழுதினாள் என்றுதான் கேட்டனர்.

இன்று நம் பட்டினங்களின் பெண்மக்கள் கல்லூரிக்குச் செல்கின்றனர். சிலர் அழகாக எழுதுகின்றனர். மீலாது மலருக்குக் கட்டுரை கேட்டால் கப்பல்களைப் பற்றித்தான் எழுதிக் கொடுப்பர், கேட்டது அதுவாயிற்றே. அவர்களுள் ஒருத்தி நாளை தன் உம்மாவின் நிக்காஹ் எப்படி நடந்தது, அதற்கு எந்தத் தோப்பு விலைபோயிற்று என்று பெயர்களை மறைத்து, நடந்தவாறே எழுதி அனுப்பலாம். அதை மலரில் சேர்க்கத் துணியும் ஆசிரியர் வேண்டும். அது வெளிவந்த அடுத்த வெள்ளிக்கிழமை, அவள் தகப்பனார் வழக்கமாக நிற்கும் வரிசையில் நின்று தொழுதுவிட்டு, எவரும் முகம் திருப்பாமல் ஸலாம் சொல்ல, வீடு திரும்பவும் வேண்டும்.